வரியன் வாயில் சுண்ணாம்பு

வரியன் மூன்று நாளாகப் பால் குடிக்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. தட்டைக் கண்டதும் ஓடி வரும், நாக்கை ஒரு தடவை வைக்கும், யாரோ அடித்ததுபோலக் கத்திக்கொண்டு பின்னால் துள்ளும். அப்புறம் முன்னங்காலால் வாயைப் பறண்டிக்கொண்டே நிற்கும். தவிட்டு மூட்டைமேல் அது படுத்து எழுந்த இடமெல்லாம் எச்சில் ஈரம். அதில் ரத்தமும் கலந்திருந்தது. பக்கத்தில் போனால் அழுகின நாற்றம் அடித்தது.

எட்டு மாதக் கடுவன் பூனை. போத்தனூரில் என் மாட்டுத்தீவனக் கடைக்கு அதுதான் காவல். அது வருவதற்கு முன்னால் எலிகள் பருத்திக்கொட்டை மூட்டையை அடியில் ஓட்டை போட்டுப் பாதியைத் தரையில் கொட்டிவிடும். ஆள் வைத்தால் ஆளும் சேர்ந்து திருடுவான். பூனை திருடாது. என் கடையில் நான் நம்பிய ஒரே ஜீவன் அதுதான்.

புதன்கிழமை காலை அதைத் துண்டில் சுற்றிப் பிடித்து, வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு முழுக்க ரத்தச் சிவப்பு. பல்லைச் சுற்றி வீங்கித் தொங்கியது. விரல் படும் முன்பே ரத்தம் கசிந்தது.

எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஐம்பது வருடமாக வெற்றிலை போடுகிறவன் நான். சுண்ணாம்பு ஒரு நகக்கண் அளவு கூடிப்போனால் வாய் எப்படி வெந்துபோகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலில் சுண்ணாம்பைக் கலந்து வைத்திருக்கிறான்.

யார் என்றும் யோசிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு சுந்தரராஜுலு. பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவன், பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு மொட்டை மாடியில் புறா வளர்க்கிறான். ஆனி மாதம் வரியன் மாடிக்கு ஏறி இரண்டு கர்ணப் புறாவைத் தின்றுவிட்டது. அன்றைக்கு அவன் தெருவே கேட்கிற மாதிரி சொன்னான்: "அந்தப் பூனைக்குப் பல்லு இருந்தாத்தான கடிக்கும்? பல்லு இல்லாமப் பண்ணிப்போடறேன் பாருங்க." போன வாரம்தான் புறாக்கூண்டுக்கு வெள்ளையடித்தான். சுண்ணாம்புத் தொட்டி சுவரோரம் இன்னும் இருந்தது. வேறென்ன வேண்டும்?

அவன் கேட்டைத் தட்டினேன்.

"நாய்க்கரே, வெளிய வாங்க."

"ஏனுங் கவுண்டரே, காலங்காத்தால?"

"என்ற பூனைக்குப் பால்ல சுண்ணாம்பு கலந்து வெச்சது நீங்கதானுங்களே?"

அவன் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தான். "என்னதுங்க?"

"காது கேக்கலீங்களா? சுண்ணாம்பு."

"உங்க பூனைக்கு வெத்தலை மடிச்சுக் குடுத்தேன். சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சாட்ட இருக்குதுங்க."

"பல்லு இல்லாமப் பண்றேன்னு சொன்னது யாருங்க? நானுங்களா?"

"சொன்னனுங்க. என்ற புறாவைத் தின்னுபோட்டு வந்ததுக்கு ஆரத்தியா எடுப்பாங்க?"

"ஆரத்தி வேண்டாமுங்க. நீங்க பாடையல்ல கட்டப் பாத்திருக்கறீங்க."

"நாக்கை அடக்கிப் பேசுங்க."

"நீங்க கையை அடக்கீருந்தா நான் நாக்கை அடக்கியிருப்பேன்."

கேட்டை என் முகத்தில் சாத்தினான். உள்ளே போய் அவன் இருமுவது கேட்டது. எனக்கு அது சிரிப்பாகத்தான் பட்டது.

என் பெண்டாட்டி பழனாத்தாள் வரியனை மடியில் போட்டுக்கொண்டு, பஞ்சில் தண்ணீரை நனைத்து அதன் வாயோரம் சொட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, டாக்டருகிட்டக் கொண்டுபோலாமுங்க. எலும்பாப் போச்சு பாருங்க."

"வெள்ளிக்கிழமை கழிச்சுப் போலாம்."

"வெள்ளிக்கிழமை என்னங்க?"

"ஆனைமலை போறேன். மொளகா அரைக்கோணும்."

அவள் பஞ்சைக் கீழே வைத்தாள். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் இருக்கிறது. அநியாயம் செய்தவனைச் சொல்லி, மிளகாயை அரைத்து அந்தக் கல்லில் பூசிவிட்டு வந்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள். கல்லுக்கு எரிகிற எரிச்சல் அவனுக்கு எரியும். போலீஸில் எழுதிக் கொடுத்தால் பூனைக்கா கேஸ் என்று சிரிப்பார்கள். அம்மன் சிரிக்கமாட்டாள்.

"மொதல்ல மருந்து வாங்குங்க. அப்பறமா மொளகா அரைங்க."

"மருந்து போட்டு ஆத்திப்போட்டா, அவன் பண்ணுனதுக்கு என்ன சாட்சி?"

"அம்மனுக்குச் சாட்சி வேணுமாக்கும்? என்ன மனுசனுங்க நீங்க!"

 வியாழக்கிழமையும் பூனை ஒன்றும் தின்னவில்லை. மூட்டைகளுக்கு இடையில் போய்ச் சுருண்டுகொண்டது. நான் கடையில் உட்கார்ந்து, சுந்தரராஜுலுவுக்கு என்னென்ன வர வேண்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். வாய் வேகட்டும். சோறு இறங்காமல் தவிக்கட்டும். தட்டைப் பார்த்துப் பார்த்து அழட்டும்.

வெள்ளிக்கிழமை உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி, அங்கிருந்து ஆனைமலை போனேன். ஆடி வெள்ளி. நிற்க இடமில்லை. குண்டு மிளகாய் வாங்கி வரிசையில் நின்று, என் முறை வந்ததும் அரைக்கிற கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். வயது எழுபத்தொன்று ஆகிறது, முழங்கால் மடங்காது. அன்றைக்கு மடங்கியது. தண்ணீர் தெளித்துத் தெளித்து, விதை ஒன்றுகூடத் தெரியாதபடி மையாக அரைத்தேன்.

நிமிர்ந்தபோது அடுத்த கல்லில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க அரைத்துக்கொண்டிருந்தது. சுந்தரராஜுலு.

"நீங்க எங்கீங்க இங்க?"

அவனும் நிமிர்ந்தான். கொஞ்சமும் அசரவில்லை. "கோயிலை உங்க பேர்ல பட்டா போட்டுட்டாங்களா?"

"யாரு மேல அரைக்கறீங்க?"

"மொதல்ல நீங்க சொல்லுங்க."

"உங்க மேலதானுங்க."

"சரியாப் போச்சு. நானும் உங்க மேலதானுங்க."

பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி, "பெரியவரே, அரைச்சாச்சுன்னா எந்திரிங்க. நாங்களும் நாலு பேரைச் சொல்லோணுமுங்க" என்றாள்.

"நான் என்ன பண்ணுனேன்னு என்ற மேல அரைக்கறீங்க?" என்று கேட்டேன்.

"சிட்டி வாயைப் போய்ப் பாருங்க. செக்கச் செவேல்னு வெந்து கெடக்குது. ரெண்டு நாளா மீனைக்கூட மோந்து பாத்துட்டுப் போயிருது. நம்ம தெருவுல மடியில சுண்ணாம்பு டப்பாவைக் கட்டிக்கிட்டுத் திரியறது யாருங்க? புறா போனது பத்தாதுன்னு இப்பப் பூனையாக்கும்?"

சிட்டி அவனுடைய பூனை. வரியனும் அதுவும் ஒரே ஈத்து. அவனுடைய கிழப் பூனை கார்த்திகை மாதம் என் கடைப் பரண்மேல் வந்து குட்டி போட்டது. பிழைத்தது இரண்டு. கடுவனை நான் வைத்துக்கொண்டேன், பெட்டையை அவன் கொண்டுபோனான்.

"உங்க தொட்டியில இருக்கறது என்னங்க, தயிருங்களா?" என்றேன்.

"அது செவுத்துக்கு."

"என்றது வெத்தலைக்கு."

ஒரே ஈத்துப் பூனைகள் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வாய் வெந்திருக்கிறது என்றால் யாருக்கும் ஒரு சந்தேகம் தட்ட வேண்டும். எனக்கும் தட்டியது. ஆனால் எனக்குத் தட்டிய சந்தேகம் வேறு. தன்மேல் பழி வராமல் இருக்கத் தன் பூனைக்கும் கொஞ்சம் வைத்திருக்கிறான், அவ்வளவு கெட்டிக்காரன், என்றுதான் நினைத்தேன். மிளகாயை இரண்டு கையாலும் வழித்து எடுத்துப் போய்க் கல்லில் அப்பினேன். அவன் பேரையும், வீட்டு நம்பரையும் சொன்னேன். ஒரே பேரில் பலபேர் இருப்பார்கள் அல்லவா. என் பக்கத்திலேயே நின்று அவன் என் பேரைச் சொன்னான், என் அப்பன் பேரையும் சேர்த்து.

திரும்பும்போது ஒரே பஸ். நான் ஒரு ஜன்னல் ஓரம், அவன் முன் சீட்டில் ஜன்னல் ஓரம். இரண்டு பேருக்கும் கை எரிந்தது. காற்றுப் படட்டும் என்று இருவரும் கையை வெளியே நீட்டிக்கொண்டு வந்தோம். கண்டக்டர் இரண்டு தடவை சத்தம் போட்டார். 

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பழனாத்தாள் ஒயர் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடைக்குள் வரியன். முன்னங்காலில் ஒரு இடத்தில் முடி மழித்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"டாக்டரம்மாகிட்டக் கொண்டுபோய்ட்டு வந்துட்டனுங்க. குளுக்கோஸ் ஏத்தியிருக்குது. வலிக்கும் ஊசி போட்டிருக்குது. சிட்டியையும் சேத்தித்தான் கொண்டுபோனேன்."

"அது எப்புடி உன்றகிட்ட வந்துது?"

"நாய்க்கரு புறாவுக்குத் தண்ணி வெக்கச் சொல்லி எங்கிட்டச் சாவியைக் குடுத்துட்டுப் போனாருங்க."

"அவன் ஆனைமலை போறதை நீ எங்கிட்டச் சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கலீங்களே. ரெண்டு பூனைக்கும் ஈறு நோயாமா. இந்த வயசுல வருமாமா. சுண்ணாம்பெல்லாம் இல்லையாமா. நாளைக்குக் காலைல ரெண்டையும் கொண்டாரச் சொல்லியிருக்குது, பல்லு எடுக்கோணுமாமா."

"அவளுக்கு என்ன வயசிருக்கும்?"

"முப்பது இருக்குமுங்க."

"நான் வெத்தலை போட ஆரம்பிக்கறப்ப அவ அப்பனுக்கே மீசை மொளைச்சிருக்காது. இங்க வா, காட்டறேன். இது சுண்ணாம்பு இல்லையான்னு நீயே பாரு."

மிளகாய்க் கையைக் கோயிலிலேயே கழுவியிருந்தேன். பொள்ளாச்சியில் சோப்புப் போட்டு இன்னொரு தடவை கழுவியிருந்தேன். போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வரியனைத் தூக்கி, கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டு உதட்டைத் தூக்கினேன்.

அது கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்து நாள் பட்டினி கிடந்த பூனைக்கு அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் கட்டைவிரலைக் கடித்துவிட்டு, வாயைத் தரையில் தேய்த்துக்கொண்டே ஓடியது. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரை நோக்கித் தாவியது, எட்டவில்லை, நகம் சிமெண்டில் கீறிக்கொண்டு விழுந்தது. மறுபடி தாவி அந்தப் பக்கம் போய்விட்டது.

பழனாத்தாள் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். பிறகு அந்தக் கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் சுவரோரம் நின்று கூப்பிட்டேன். வரியன் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து சுந்தரராஜுலு பேசினான்.

"கவுண்டரே, உங்க பூனை என்ற கட்டலுக்கு அடியில கெடந்துது. புடிச்சுப்போட்டேன். பால்ல பஞ்சை நனைச்சு, இப்பத்தான் ஊர்ல இருந்து வந்த என்ற அக்கா மகளை உட்டுத் தொடைக்கச் சொல்லியிருக்கறேன். வாயை நான் தொடலீங்க, என்ற கையிலயும் மொளகா."

"இங்க குடுங்க."

"இப்பக் குடுக்கமாட்டனுங்க. நாளைக்கு டாக்டரம்மா முன்னால வெச்சுத் தாரேன்."

"என்ற பூனையைக் குடுக்கமாட்டேன்னு சொல்ல நீங்க யாருங்க?"

"உங்க கையை மோந்து பாருங்க. நான் யாருன்னு தெரியுமுங்க."

மறுநாள் காலை இரண்டு கூடையோடு மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். பழனாத்தாள் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் பேர் வர்ஷினி. சின்னப் பெண்தான். வரியனை மேஜைமேல் வைத்து உதட்டை விரித்தது, பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தது.

"நேத்து இவ்வளவு வீக்கம் இல்லையே. வாயில ஏதாவது காரம் பட்டுதுங்களா?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.  சுந்தரராஜுலு பேசினான்.

"மொளகாங்க டாக்டர். கவுண்டரு அரைச்ச கையோட வாய்க்குள்ள விரலை உட்டுட்டாருங்க."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி நின்றான். அந்த முகத்தை மறக்கமாட்டேன். அம்மன் அவனுக்கு உடனே பலன் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"நீங்க மட்டும் எதுக்கு அரைச்சீங்கன்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்களே" என்றேன்.

"ரெண்டு பேரும் வெளிய போறீங்களா, இல்ல நான் சொல்றதைக் கேக்கறீங்களா?" என்றது அந்தப் பெண். கேட்டோம்.

"ஐயா, சுண்ணாம்பு பட்டா நாக்கு வேகும், உதடு வேகும், மேலண்ணம் வேகும். இங்க பாருங்க. நாக்கு எப்படி இருக்குது?"

நாக்கு பழைய மாதிரி வெளிர் ரோஸ் நிறத்தில் இருந்தது. மேலண்ணமும் சுத்தமாக இருந்தது. பல்லும் ஈறும் சேர்கிற அந்தக் கோட்டில் மட்டும் சிவப்பு, கோடு கிழித்த மாதிரி. சிட்டியின் வாயையும் திறந்து காட்டியது. அதே கோடு. எனக்கு வாய் வெந்தபோதெல்லாம் முதலில் வெந்தது நாக்குதான், பிறகு கன்னம். ஈறு கடைசியில்தான். படித்தவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. ஆனால் இது என் வாய்க்கே தெரிந்த விஷயமாக இருந்தது.

"பால் பல்லு விழுந்து புதுப் பல்லு மொளைக்கற வயசுல சில பூனைக்கு ஈறு இப்படி வீங்கும். பல்லுல படியற அழுக்கை அதுங்க ஒடம்பு தாங்கறதில்லை. ஒரே ஈத்துக் குட்டிங்களுக்குச் சேர்ந்து வர்றதும் உண்டு. சிட்டிக்கு ஆரம்பந்தான், சுத்தம் பண்ணி ரெண்டு பல்லு எடுத்தாப் போதும்னு நெனைக்கறேன். வரியனுக்கு நெறையப் போகும். எப்பத்திலிருந்து எச்சில் ஒழுகுது?"

"பத்து நாளா இருக்கும்" என்றாள் பழனாத்தாள்.

"பத்து நாளா! இப்ப ரொம்பப் பலவீனமா இருக்குது. மயக்க மருந்து குடுக்கறதே பயமா இருக்குது."

"எதனால வருது?" என்று கேட்டேன்.

"முழுசா எங்களுக்கே தெரியாதுங்க ஐயா."

"தெரியாதுங்கறாங்க பாத்தீங்களா" என்று சுந்தரராஜுலுவிடம் சொன்னேன். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. ஐந்து நாளில் நான் அந்தப் பூனைக்கு என்ன செய்தேன்? பஸ் ஏறிப் போனேன், மிளகாய் அரைத்தேன், அந்தக் கையை அதன் வாய்க்குள் விட்டேன். யாரைச் சொல்லி அரைக்க வேண்டுமோ அவன் பேரை நான் கோயிலில் சொல்லவில்லை. 

உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சிட்டி சீக்கிரம் வந்துவிட்டது. வரியன் வரவில்லை. ஒரு தடவை கதவு திறந்து நர்ஸ் ஓடி, ஏதோ பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் எழுந்தேன்.

"உக்காருங்க" என்றான் சுந்தரராஜுலு.

"செத்துப்போனா உங்களுக்குச் சந்தோசந்தானுங்க."

"ஆமாங்க. ஆனா இப்படிச் செத்தா நான் பண்ணுனதுன்னுதான் சாகற வரைக்கும் சொல்லீட்டிருப்பீங்க. அதனால அது பொழைக்கோணுமுங்க."

மத்தியானத்துக்கு மேல் வரியனைக் கொடுத்தார்கள். பதினோரு பல் போயிருந்தது. ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார்கள், எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. சாயங்காலம் பழனாத்தாள் மீனை வேகவைத்து முள் எடுத்துக் கரைத்து வைத்தாள். வரியன் மோந்தது. நாக்கை வைத்தது.  கத்தவில்லை. மறுபடி வைத்தது. தட்டை நக்கி முடித்துவிட்டு என்னைப் பார்த்தது. கிட்டே போனேன். என் கை தெரிந்ததும் மூட்டைக்குப் பின்னால் ஓடிவிட்டது.

பிரச்சினை அங்கேதான் வந்தது. மிச்சம் இருக்கிற பல் நிற்க வேண்டுமானால் புண் ஆறினதும் தினமும் துலக்கிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டது. விரலில் மாட்டுகிற பிரஷ்ஷும் பூனைக்கென்று ஒரு பேஸ்ட்டும் கொடுத்தது. ஒரு நாள் விட்டால்கூட மறுபடி வீங்குமாம், மிச்சமும் போகுமாம். ஆனால் என் விரல் வாய்ப் பக்கம் வந்தாலே வரியன் சுவர் ஏறுகிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் அதற்கு மறக்கவில்லை. பின்னால் இருந்து துண்டில் சுற்றிப் பிடிக்க விடும். வாயைத் தொட விடாது.

"நீ தேய்ச்சு உடு" என்றேன் பழனாத்தாளிடம்.

"மாட்டனுங்க. மொளகா அரைச்ச ரெண்டு பேரும் சேந்து பண்ணுங்க. எனக்குச் சமையக்கட்டுல வேலை கெடக்குது."

 பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னதும் அவள்தான் போலிருக்கிறது. கடை சாத்துகிற நேரத்துக்குச் சுந்தரராஜுலு வந்து நின்றான். அவனுக்கும் சிட்டியைப் பிடிக்க ஆள் இல்லை.

இப்போது ஒரு மாதமாகத் தினமும் இப்படித்தான். நான் வரியனைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துப் பிடிக்கிறேன். அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷை விடுகிறான். பிறகு அவன் வீட்டுக்குப் போய்ச் சிட்டியை நான் பிடிக்கிறேன், அவன் தேய்க்கிறான். வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. சொன்னதைத் திரும்பப் பெற, ஆனைமலைக்குப் போய்க் கல்லில் எண்ணெய் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும் என்று பழனாத்தாள் இரண்டு பேரிடமும் சொன்னாள். அவன் முதலில் போகட்டும் என்று நான் இருக்கிறேன். அவனும் அப்படித்தான் இருப்பான்.

நேற்று வரியனுக்கு நல்ல தெம்பு. ஈறு ரத்தச் சிவப்பு வடிந்து வெளிர் ரோஸாக அழகாக இருந்தது. அவன் இடது பக்கம் முடித்துவிட்டு வலது பக்கம் போனான்.

"புறாவைத் தின்ன பல்லுக்கு நான் பேஸ்ட்டுப் போட்டு உடறேன் பாருங்க" என்றான். "நாலு கோரைப் பல்லுல மூணு போச்சு. நான் சொன்னபடி பாதியாச்சும் நடந்துதே!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அன்றைக்குக் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே சிரித்ததைவிட நன்றாகச் சிரித்தான்.

துண்டுக்குள் வரியனின் வலது முன்னங்கால் என் விரல்களுக்கு நடுவில் இருந்தது. நகம் உள்ளேயும் வெளியேயும் போய் வந்துகொண்டிருந்தது. நான் விரலைக் கொஞ்சம் தளர்த்தினேன். வேறொன்றும் செய்யவில்லை.

அவன் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூன்று கோடு. ரத்தம் உடனே வந்தது.

"அட, சரியாப் புடிங்க!"

"புடிச்சுத்தானுங்க இருக்கறேன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு குனிந்து, ரத்தம் துண்டில் சொட்டச் சொட்ட வலது பக்கத்தையும் ஒரு பல் விடாமல் தேய்த்து முடித்தான். பிரஷ்ஷைக் கழுவினான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"வாங்க கவுண்டரே, சிட்டிக்கு நேரமாச்சு. இன்னைக்கு நீங்க தேய்ங்க. நான் புடிச்சுக்கறேன்."

சிட்டிக்கு நகம் வெட்டி இரண்டு மாதம் இருக்கும். வரமாட்டேன் என்று சொன்னால் நாளைக்கு அவன் வரியனுக்கு வரமாட்டான். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் போனேன்.